நாணயம் சுண்டியே இயற்பியல் புதிரை அவிழ்க்கலாமா? தாம்பரம் வழியே போகும் ஒரு கணிதக் கதை

ஆறு பக்கம் கொண்ட சிமென்ட் பேவர் பிளாக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் என்று சென்னையின் தென் புறநகரில் நடைபாதை, பள்ளி வளாகம், அபார்ட்மென்ட் பார்க்கிங் என எங்கேயாவது தேன்கூடு மாதிரி பதித்திருப்பார்கள். அந்தக் கற்களை வைத்து ஒரு விளையாட்டு.

ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு முறை நாணயம் சுண்டுங்கள். தலை விழுந்தால் கறுப்பு பெயின்ட். பூ விழுந்தால் வெள்ளை. எல்லாக் கல்லுக்கும் அடித்து முடித்த பிறகு ஒரே கேள்வி: ஒரு ஓரத்தில் ஏறி, கறுப்புக் கல்லை மட்டுமே மிதித்து, எதிர் ஓரத்தில் இறங்க முடியுமா?

முடியலாம், முடியாமலும் போகலாம். அது நாணயத்தின் கையில் இருக்கிறது. ஆனால், 'முடிவதற்கான வாய்ப்பு சரியாக எவ்வளவு?' என்று கேட்டால், கற்கள் மிகச் சிறியதாக இருக்கும்பட்சத்தில், துல்லியமான விடை உண்டு. 1992-ல் ஓர் இயற்பியலாளர் அந்த விடையைச் சொன்னார். அது சரிதான் என்று கணிதவியலாளர் ஒருவர் நிரூபித்தது 2001-ல்.

இப்படி இயற்பியலாளர்கள் எட்டிப் பிடித்த விடைகளை, நிகழ்தகவை வைத்து ஒவ்வொன்றாக நிரூபிக்கும் வேலை கடந்த கால் நூற்றாண்டாக நடக்கிறது. மூன்று ஃபீல்ட்ஸ் பதக்கங்கள் இந்தப் பக்கம் வந்திருக்கின்றன. துறையின் பெயர் 'இருபரிமாண கன்ஃபார்மல் ஃபீல்டு தியரி'. பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். உள்ளே போனால் ஃபில்டர் காபி, அப்பளம், மெதுவடை என்று நமக்குத் தெரிந்த சாமான்களை வைத்தே புரிந்துகொள்ளலாம். தாம்பரத்தில் இன்டர்மீடியட் படித்த ஒருவரும் இந்தக் கதையில் வருகிறார்.

ஃபில்டர் காபியில் என்ன கணக்கு?

காபி ஃபில்டரில் தூளை அழுத்தி அடைத்துவிட்டால் டிகாக்‌ஷன் இறங்கவே இறங்காது. லூசாக விட்டால் வெந்நீர் கடகடவென்று இறங்கிவிடும். நடுவில் எங்கேயோ ஒரு எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் அடைப்பு, அந்தப் பக்கம் வழி.

இதைக் கணக்காக மாற்றியவர்கள் பிராட்பென்ட், ஹாமர்ஸ்லி என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள். ஆண்டு 1957. அவர்கள் வைத்த பெயர் 'பெர்கொலேஷன்', அதாவது கசிந்து இறங்குதல்.

நம் பேவர் பிளாக் விளையாட்டும் அதேதான். நாணயம் ஏமாற்று நாணயமாக இருந்து 100-க்கு 45 முறைதான் தலை விழும் என்றால், பெரிய மைதானத்தைக் கறுப்புக் கல்லில் கடக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்யம். 55 முறை விழும் என்றால் ஏறக்குறைய நிச்சயம் கடக்கலாம். எல்லை சரியாக 50-ல் இருக்கிறது. தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாக மாறுவது போல, இங்கே 50 சதவீதத்தில் மைதானத்தின் குணமே மாறுகிறது. இதைத்தான் நெருக்கடிப் புள்ளி என்கிறார்கள்.

இந்த 50 எங்கிருந்து வந்தது? கற்களை ஒரு பக்கத்துக்கு 10 வீதம் சாய்சதுரமாக அடுக்குங்கள். இடமிருந்து வலமாகக் கறுப்புப் பாதை இருந்தால், மேலிருந்து கீழாக வெள்ளைப் பாதை இருக்க முடியாது. கறுப்புப் பாதை இல்லையென்றால் வெள்ளைப் பாதை கட்டாயம் இருக்கும். இரண்டில் ஒன்றுதான் ஜெயிக்கும். நாணயமும் நியாயமானது, வடிவமும் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி. எனவே, வாய்ப்பு ஆளுக்குப் பாதி. ஒரு ஃபார்முலாவும் இல்லாமல் விடை வந்துவிட்டது.

ஆனால் மைதானம் சாய்சதுரமாக இல்லாமல் கோணல் மாணலாக இருந்தால்? அங்கேதான் விஷயம் ஆழமாகிறது. சரியாக 50-ல் நிற்கும்போது கறுப்புத் திட்டுகள் எல்லா சைஸிலும் இருக்கும். கையகலத் திட்டும் உண்டு, மைதானம் அளவுக்குப் பெரிய திட்டும் உண்டு. போட்டோ எடுத்து ஜூம் செய்தாலும் அதே மாதிரிதான் தெரியும். எந்த உயரத்திலிருந்து எடுத்த படம் என்று சொல்லவே முடியாது.

கன்ஃபார்மல் என்றால் என்ன?

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் மெர்கேட்டர் உலக வரைபடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரிது. பரப்பளவு விஷயத்தில் அந்த வரைபடம் சரியான பொய். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அது நேர்மையானது: கோணம். இரண்டு சாலைகள் எந்தக் கோணத்தில் வெட்டுகின்றனவோ, வரைபடத்திலும் அதே கோணத்தில்தான் வெட்டும்.

இப்படி நீளத்தையும் பரப்பையும் இஷ்டத்துக்கு இழுத்துவிட்டு, கோணத்தை மட்டும் காப்பாற்றும் மாற்றத்துக்குத்தான் கன்ஃபார்மல் மாற்றம் என்று பெயர். முப்பரிமாணத்தில் இப்படிப்பட்ட மாற்றங்கள் விரல்விட்டு எண்ணும் வகைகள்தான். தட்டையான இருபரிமாணத்தில் முடிவே இல்லாத அளவுக்கு இருக்கின்றன. இந்தச் செழிப்பால்தான் இருபரிமாணத்துக்கு இவ்வளவு மவுசு.

1984-ல் பெலாவின், பொல்யகோவ், ஸமொலொட்சிகோவ் என்ற மூன்று சோவியத் இயற்பியலாளர்கள் ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார்கள். நெருக்கடிப் புள்ளியில் நிற்கும் இருபரிமாண அமைப்பைக் கோணம் மாறாமல் எப்படி இழுத்தாலும் அதன் புள்ளிவிவரம் மாறாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நிபந்தனையே பல விடைகளைத் தானாகக் கொடுத்துவிடும் என்றார்கள். அணு அணுவாகக் கணக்குப் போட வேண்டாம், சமச்சீரே கணக்கைப் போட்டுவிடும்.

இந்த வழியில்தான் 1992-ல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜான் கார்டி, எந்த வடிவ மைதானத்துக்கும் கடக்கும் வாய்ப்பைச் சொல்லும் ஃபார்முலாவை முன்வைத்தார். ஃபார்முலா கொஞ்சம் கரடுமுரடு. ஸ்வீடன் கணிதவியலாளர் லெனார்ட் கார்லசன் அதை சமபக்க முக்கோணத்தில் எழுதிப் பார்த்தார். அசந்துபோகும் அளவுக்கு எளிமையாகிவிட்டது.

முக்கோண மைதானம். அடிப்பக்கத்தில் எங்கு வேண்டுமானாலும் ஏறலாம். இறங்க வேண்டியது வலது பக்கத்தில், உச்சி முனையிலிருந்து தொடங்கும் ஒரு பகுதியில் மட்டும். அந்தப் பகுதி வலது பக்க நீளத்தில் கால்வாசி என்றால் வாய்ப்பு 25 சதவீதம். பாதி என்றால் 50. முக்கால் என்றால் 75. அவ்வளவுதான்!

விடை தெரிந்த பிறகு என்ன பிரச்சினை?

இழுத்தாலும் புள்ளிவிவரம் மாறாது என்று இயற்பியலாளர்கள் எடுத்துக்கொண்டார்களே, அதை யாரும் நிரூபிக்கவில்லை. அதுதான் பிரச்சினை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. இயற்பியலின் ஃபீல்டு தியரியில், நடக்கச் சாத்தியமான எல்லா வடிவங்களையும் கூட்டு என்பார்கள். முடிவில்லாத எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் முடிவில்லாத ஆட்டம். அந்தக் கூட்டலுக்குக் கணிதத்தில் பொருளே இல்லை. பொருளில்லாத கூட்டலிலிருந்து சரியான விடை வருகிறது என்பதுதான் வேடிக்கை.

2001-ல் ரஷ்யக் கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் ஸ்மிர்னோவ், அறுகோணக் கல் விளையாட்டுக்குக் கார்டியின் ஃபார்முலா சரி என்று நிரூபித்தார்.

அதற்குச் சற்று முன்பு, 1999-2000 வாக்கில், இஸ்ரேலில் பிறந்த ஒடெட் ஷ்ராம் வேறொரு கோணத்தில் யோசித்தார். திட்டுகளை விட்டுவிட்டு, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே ஓடும் எல்லைக்கோட்டைப் பார்த்தார். இடது கைப்பக்கம் எப்போதும் கறுப்பு, வலது கைப்பக்கம் எப்போதும் வெள்ளை இருக்கும்படி ஒருவர் நடக்கிறார். எதிரே புதுக் கல் வந்தால் நாணயம் சுண்டுகிறார். கறுப்பு விழுந்தால் வலது பக்கம், வெள்ளை விழுந்தால் இடது பக்கம் திரும்புகிறார். கற்கள் சிறியதாகிக்கொண்டே போனால் அந்தப் பாதை என்ன ஆகும்?

கன்ஃபார்மல் சமச்சீர் மட்டும் இருந்துவிட்டால், அந்தப் பாதையைத் தீர்மானிப்பது ஒரே ஒரு எண்தான் என்று ஷ்ராம் காட்டினார். தண்ணீரில் மகரந்தத் துகள் தள்ளாடுவதைச் சொல்லும் பிரௌனியன் இயக்கத்தை எடுத்து, அதை அந்த எண் அளவுக்கு வேகமாக்கினால் பாதை கிடைத்துவிடும். பேவர் பிளாக் விளையாட்டுக்கு அந்த எண் 6. காந்தப் பொருளின் மாதிரிகளுக்கு வேறு எண்கள். இந்தப் பாதைகளுக்கு இன்று 'எஸ்எல்இ' என்று பெயர்.

கிரெக் லாலர், வென்டலின் வெர்னர் இருவருடன் சேர்ந்து ஷ்ராம் இன்னொன்றையும் நிரூபித்தார். தளத்தில் தள்ளாடும் துகளின் பாதைக்கு வெளி ஓரம் எவ்வளவு கரடுமுரடு? பின்னப் பரிமாணம் 4/3 என்று கணினிப் படங்களைப் பார்த்து மாண்டல்பிராட் 1982-ல் யூகித்திருந்தார். அது சரியாகவே இருந்தது.

வெர்னருக்கு 2006-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம். ஸ்மிர்னோவுக்கு 2010-ல். இதே பாதையில் வந்த பிரான்சின் ஹியூகோ டுமினில்-கோபனுக்கு 2022-ல். ஷ்ராமுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அந்தப் பதக்கத்துக்கு 40 வயது வரம்பு உண்டு. 2002-ம் ஆண்டு பதக்கத்துக்கான கணக்கில் அவர் சில வாரங்களில் வரம்பைத் தாண்டியிருந்தார். 2008-ல் மலையேற்றத்தின்போது விழுந்து இறந்துபோனார்.

இதில் தாம்பரம் எங்கே வருது?

எஸ்.ஆர்.சீனிவாச வரதன். 1940 ஜனவரி 2-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா அறிவியல் ஆசிரியர், பொன்னேரி பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். பொன்னேரியில் பள்ளிப்படிப்பை முடித்த வரதன், இன்டர்மீடியட் படிக்க வந்தது தாம்பரத்துக்கு. 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம்மாறிய சென்னைக் கிறித்தவக் கல்லூரியில். அப்புறம் மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ், கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சி.ஆர்.ராவிடம் முனைவர் பட்டம். 1963-லிருந்து நியூயார்க்கின் கூரன்ட் நிறுவனம். 2007-ல் கணிதத்தின் உச்ச விருதுகளில் ஒன்றான ஏபெல் பரிசு.

ஏபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது முக்கியமாக 'பெரும் விலகல்' கோட்பாட்டுக்காக. நாணயத்தை 1,000 முறை சுண்டினால் ஏறத்தாழ 500 தலை விழும். 700 விழுவதற்கு எவ்வளவு வாய்ப்பு? இப்படி அபூர்வமாக நடப்பவற்றின் வாய்ப்பை அளக்கும் பொதுக் கருவி அது.

ஆனால் நம் கதைக்குத் தேவையானது, அவர் எழுதிய இன்னொரு சின்ன விஷயம். ஜெர்மன் இயற்பியலாளர் குர்ட் சிமான்சிக்கின் ஃபீல்டு தியரி விரிவுரைகள் 1969-ல் அச்சில் வந்தன. அதன் பின்னிணைப்பை எழுதியவர் வரதன்.

அதில் என்ன இருக்கிறது? வெந்த சேமியா இழை ஒன்று தட்டில் தன் மேலேயே படிந்து கிடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பாலிமர் என்ற நீளமான மூலக்கூறு சங்கிலியும் அப்படித்தான் கிடக்கும். சங்கிலி தன்னையே எவ்வளவு தொட்டுக்கொள்கிறதோ அவ்வளவு 'அபராதம்' போட வேண்டும். சங்கிலியைப் பிரௌனியன் பாதையாக எடுத்துக்கொண்டால் ஒரு சிக்கல்: இருபரிமாணத் தளத்தில் அந்தப் பாதை தன்னை வெட்டிக்கொள்ளும் அளவு முடிவிலி. அபராதமும் முடிவிலி. கணக்கு அங்கேயே படுத்துவிடும்.

வரதன் செய்ததைப் புரிந்துகொள்ள எடை மேடை போதும். மணல் லாரியை லோடோடு ஏற்றி எடை போடுவார்கள், காலி லாரியை எடை போடுவார்கள், கழித்தால் மணலின் எடை. இங்கே என்ன வித்தியாசம் என்றால், பூதக்கண்ணாடியைக் கூட்டக் கூட்ட லாரியின் எடை ஏறிக்கொண்டே போய் முடிவிலி ஆகிவிடுகிறது. ஆனாலும் வெட்டுகளின் அளவிலிருந்து அதன் சராசரியைக் கழித்துக்கொண்டே வந்தால், மிச்சம் ஓர் ஒழுங்கான எண்ணில் வந்து நிற்கிறது என்று அவர் நிரூபித்தார். அபராதக் கணக்குக்கு அந்த மிச்சமே போதும் என்றும் காட்டினார். துறையில் இதற்கு 'வரதன் ரீநார்மலைசேஷன்' என்றே பெயர்.

முடிவிலியைக் கழிப்பது இயற்பியலாளர்களுக்குப் பழைய பழக்கம். கழித்த பிறகு மிஞ்சுவது நிஜமாகவே ஏதோ ஒன்று என்பதை நிகழ்தகவை வைத்து உறுதிப்படுத்தியதுதான் இங்கே புதுசு. இன்று நடக்கும் வேலைகளுக்கும் இதே மனப்பாங்குதான் அடிப்படை.

அப்பளம் பொரிந்தால் லியூவில்

1981-ல் பொல்யகோவ் (மேலே வந்த அதே ஆள்தான்) ஸ்ட்ரிங் தியரிக்காக ஒரு கேள்வி கேட்டார். பாதைகளுக்குப் பதில் பரப்புகளைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்தால்?

எண்ணெயில் போட்ட அப்பளத்தைப் பாருங்கள். தட்டையாக இருந்தது ஆங்காங்கே உப்பி, குழிந்து, எந்த இடம் எவ்வளவு பொரியும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதபடி ஆகிவிடுகிறது. லியூவில் தியரியின் பரப்பும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், அந்த அப்பளத்தின் ஒவ்வொரு கொப்புளத்துக்குள்ளும் குட்டிக் கொப்புளம், அதற்குள் இன்னும் குட்டி என்று போய்க்கொண்டே இருக்கும். எந்தப் புள்ளியிலும் 'உயரம்' என்ற ஓர் எண்ணைச் சொல்லவே முடியாது, ஏற்ற இறக்கம் முடிவிலி.

1985-ல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜான்-பியர் கஹான், இப்படிப்பட்ட ஆட்டத்தை அடுக்கில் ஏற்றி, அதன் சராசரியால் வகுத்தால் ஒழுங்கான பரப்பளவு கிடைக்கும் என்று காட்டியிருந்தார். வரதன் கழித்தார், கஹான் வகுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம். 2014-ல் டேவிட், குபியாய்னென், ரோட்ஸ், வர்காஸ் என்ற நால்வர் அணி அதை எடுத்துக்கொண்டு லியூவில் தியரியை முழுக்க முழுக்க நிகழ்தகவின் மேல் கட்டியது. பொருளில்லாமல் இருந்த கூட்டலுக்குப் பொருள் வந்தது.

அடுத்தது ஃபார்முலா. லியூவில் பரப்பில் மூன்று புள்ளிகளுக்கு இடையே உள்ள உறவைச் சொல்லும் ஒரு ஃபார்முலாவை டோர்ன், ஓட்டோ இருவரும், தனியாக ஸமொலொட்சிகோவ் சகோதரர்களும் 1990களின் நடுவில் எழுதிவைத்தார்கள். எப்படி வந்தது என்று கேட்டால், சாமர்த்தியமான யூகம் என்பதுதான் பதில். 2017-ல் குபியாய்னென், ரோட்ஸ், வர்காஸ் அதை நிரூபித்தார்கள்.

மூன்று புள்ளி மட்டும் ஏன்? பிளம்பர் வேலையைப் பாருங்கள். மூன்று வாய் கொண்ட டீ ஜாயின்ட் கையில் இருந்தால், அதையே மாட்டி மாட்டி எவ்வளவு சிக்கலான பைப் லைனையும் அமைத்துவிடலாம். இங்கேயும் மூன்று புள்ளிக் கணக்குதான் டீ ஜாயின்ட். அவற்றை இணைத்தால் முழுத் தியரியும் கிடைக்கும் என்பதை, கியார்மூவையும் சேர்த்துக்கொண்ட அதே மூவர் 2020-ல் நிரூபித்தார்கள்.

வரதனின் பெரும் விலகல் கோட்பாடும் இங்கே வேலைக்கு வருகிறது. லியூவில் பரப்பில் தற்செயலின் அளவைக் குறைத்துக்கொண்டே போனால், அது 19-ம் நூற்றாண்டின் வழவழப்பான வடிவியலுக்கு எப்படித் திரும்புகிறது என்பதை அளப்பது அந்தக் கருவிதான்.

நிரூபித்து என்ன ஆகப்போகுது?

நியாயமான கேள்வி. இயற்பியலாளர் சொன்ன விடை சரி. கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாலும் சரி. 10, 20 வருஷம் கழித்துக் கணிதவியலாளர் வந்து ரப்பர் ஸ்டாம்ப் குத்துவதில் என்ன லாபம்?

இதற்கு ஒரு பதில் 2023-ல் வந்தது.

பேவர் பிளாக் மைதானத்தில் கறுப்புக் கற்கள் மின்சாரம் கடத்தும், வெள்ளை கடத்தாது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனையில் பேட்டரியை மாட்டினால் எல்லாக் கறுப்புக் கல்லிலும் மின்சாரம் ஓடுமா? ஓடாது. முட்டுச்சந்துகளில் போய்த் திரும்ப வழியில்லாத கற்கள் சும்மா கிடக்கும். முட்டுச்சந்துகளை எல்லாம் வெட்டி எறிந்தால் மிஞ்சுவதுதான் 'முதுகெலும்பு'. அது எவ்வளவு அடர்த்தியானது என்பதைச் சொல்லும் ஓர் எண் இருக்கிறது.

பெர்கொலேஷனில் இதைப் போன்ற பல எண்களை இயற்பியலாளர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். உதாரணமாக, ஒரு புள்ளியிலிருந்து கறுப்புப் பாதை வெகுதூரம் போகும் வாய்ப்பைச் சொல்லும் எண் 5/48. எல்லாம் இப்படி அழகான பின்னங்கள். முதுகெலும்பு எண் மட்டும் பிடிபடவே இல்லை. கம்ப்யூட்டர் தோராயம் இருந்தது, துல்லியமான ஃபார்முலா யாரிடமும் இல்லை.

நோலின், சியான், சுன், ஜுவாங் என்ற நான்கு பேர் 2023-ல் அதைக் கண்டுபிடித்தார்கள். பயன்படுத்திய கருவிகள் ஷ்ராமின் பாதைகளும், நிகழ்தகவின் மேல் கட்டிய லியூவில் தியரியும். விடை சுமார் 0.3567. அது பின்னமே இல்லை. முழு எண்களை வைத்து எழுதும் எந்தப் பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கும் அது தீர்வாக வராது. பை போல அதுவும் விஞ்சிய எண். அழகான பின்னத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

இங்கே யார் யாருக்கு ஸ்டாம்ப் குத்தியது? யூகத்தைச் சரிபார்க்கப் போட்ட சாலை, யூகமே போகாத ஊருக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

இன்னொரு லாபம், எது தெரியாது என்பது சுத்தமாகத் தெரிந்துவிடுகிறது. அறுகோணக் கல்லை எடுத்துவிட்டு, நான்கு பக்கமும் தொடும் சாதாரணச் சதுரக் கல்லைப் பதியுங்கள். அதே விளையாட்டு. இப்போது எல்லை 50 இல்லை, சுமார் 59.27 சதவீதம். இது கம்ப்யூட்டர் தந்த தோராயம்தான். துல்லியமான எண் யாருக்கும் தெரியாது. எல்லையில் நிற்கும்போது கார்டியின் ஃபார்முலா இதற்கும் பொருந்தும் என்று எல்லோரும் நம்புகிறார்கள், கம்ப்யூட்டரும் ஆமாம் என்கிறது. நிரூபணம் இன்றுவரை இல்லை. ஸ்மிர்னோவின் நிரூபணம் அறுகோணத்தின் தனிப்பட்ட சமச்சீரில் தொங்குகிறது. கல்லின் வடிவத்தை மாற்றினாலே அறுந்துவிடுகிறது.

சிறுசேரியும் மெதுவடையும்

தாம்பரத்திலிருந்து கிழக்கே ஓஎம்ஆர் பக்கம் போனால், சிறுசேரி சிப்காட் ஐடி பார்க்கின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே சென்னை கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. சிஎம்ஐ. 1989-ல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கீழ் தொடங்கி, 2005-ல் சிறுசேரிக்கு வந்தது. தொடங்கியவர் சி.எஸ்.சேஷாத்ரி. காஞ்சிபுரத்தில் பிறந்தவர், லயோலா கல்லூரி மாணவர், கர்னாடக இசையும் பாடுவார். 2020 ஜூலையில் காலமானார்.

லயோலாவில் கூடப் படித்த எம்.எஸ்.நரசிம்மனோடு சேர்ந்து, மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தபோது, 1965-ல் அவர் வெளியிட்டதுதான் புகழ்பெற்ற நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம். ஓட்டை போட்ட பரப்புகளைப் பற்றியது. மெதுவடைக்கு ஓர் ஓட்டை. இரண்டு, மூன்று ஓட்டை கொண்ட வடைகளையும் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்த ஓட்டைகளைச் சுற்றிச் சுற்றி வருவதால் கிடைக்கும் இயற்கணிதத் தகவலும், அந்தப் பரப்பின் மேல் கட்டப்படும் ஒருவகை வடிவியல் அமைப்பும் ஒன்றுதான் என்கிறது தேற்றம்.

1965-ல் கன்ஃபார்மல் ஃபீல்டு தியரி என்ற துறையே இந்த உருவில் கிடையாது. இரண்டு பத்தாண்டு கழித்து, இயற்பியலாளர்கள் டீ ஜாயின்ட்டுகளை இணைக்கும்போது வரும் அடிப்படை உறுப்புகளுக்கு 'கன்ஃபார்மல் பிளாக்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு முக்கியமான வகைத் தியரிகளில் அந்த பிளாக்குகள் உட்கார்ந்திருந்த இடம், நரசிம்மனும் சேஷாத்ரியும் ஆராய்ந்துவைத்திருந்த அதே வெளி. யாரும் கேட்காத நேரத்தில் போட்ட கணக்கு, கேட்ட நேரத்தில் தயாராக இருந்தது.

லியூவில் தியரி வேறு வகை. அதற்கும் கன்ஃபார்மல் பிளாக் உண்டு. ஆனால் அவை நெடுங்காலம் காகிதத்தில் எழுதிய முடிவிலாத் தொடர்களாகவே இருந்தன. 2020-ல் இந்தியரான புரமித் கோஷல், கியோம் ரெமி, சின் சுன், யி சுன் ஆகியோர் மெதுவடை வடிவப் பரப்புக்கான பிளாக்குகளை நிகழ்தகவிலிருந்தே கட்டிக் காட்டினார்கள். சேஷாத்ரியின் வடிவியலும் வரதனின் நிகழ்தகவும் தனித்தனி உலகங்களாகப் பார்க்கப்பட்டவை. இன்று ஒரே வகைப் பொருளை இரண்டு பக்கமிருந்தும் தொடுகிறார்கள்.

படிக்க ஆசைப்பட்டால்?

இதைப் படிச்சா வேலை கிடைக்குமா என்று வீட்டில் கேட்பார்கள். நிகழ்தகவு தெரிந்தவர்களைத் தேடும் கம்பெனிகள் சிறுசேரியிலேயே இருக்கின்றன, அது ஒரு பதில். ஆனால் இந்தத் துறைக்காகவே போகிறவர்களுக்கு வழி நீளமானது. சிஎம்ஐ-யில் கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்த பிஎஸ்சி ஆனர்ஸ் இருக்கிறது, சேர தனி நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். தரமணியில், அல்லாடி ராமகிருஷ்ணன் 1962-ல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனத்தில் கணிதம், கோட்பாட்டு இயற்பியல் இரண்டிலும் முனைவர் பட்டம் செய்யலாம்.

அதற்கெல்லாம் முன்பே ஆரம்பிக்கவும் ஒரு வழி இருக்கிறது. தமிழ்நாடு பாடத்திட்டத்தின் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தை எடுங்கள். 2-வது பாடம் கலப்பு எண்கள். கோணம் மாறாமல் தளத்தை இழுக்கும் வித்தை எல்லாம் அங்கிருந்துதான் முளைக்கிறது. 11-வது பாடம் நிகழ்தகவுப் பரவல்கள். நாணயம் அங்கே இருக்கிறது. பரீட்சையில் இரண்டுக்கும் தனித்தனிக் கேள்விதான் வரும். சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்டவர்கள்தான் இந்தக் கட்டுரையில் வந்தவர்கள். சதுரக் கல் கேள்வி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.